சராசரிக் கடல்

செவ்வாயும் வியாழனும் காலை பதினோரு மணிக்குப் புன்னைத்துறை அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் கடல் பேசும்.

ஆசிரியர் மேசைமேல் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அறிவியல் ஆசிரியை குழல்வாய்மொழி அதன் பொத்தானை அமுக்கினால் முதலில் கொஞ்சம் அலைச்சத்தம் வரும். பிறகு, ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத, சளி பிடித்த பிள்ளையின் குரல்போல ஒன்று, "வணக்கம் பிள்ளைங்களா, கொம்பன் பேசுறேன்" என்று தொடங்கும்.

பெட்டி வழியாகப் பேசுவது, கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டு மிதக்கும் மிதவை. மஞ்சள் பீப்பாய்மேல் ஒற்றைக் கம்பி நீட்டிக்கொண்டிருந்ததால் பிள்ளைகள் கொம்பன் என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு சூடு, நீரோட்டம் எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம் என்று அது சொல்லும். கேட்டால் பதிலும் சொல்லும்.

"கொம்பா, சாளை மீன் வந்துட்டா?"

"சாளையப் பாக்க எனக்குக் கண்ணு கிடையாது. ஆனா தண்ணி குளுந்துட்டு வருது. சாளைக்குப் பிடிச்ச தண்ணிதான்."

பிள்ளைகள் சிரிப்பார்கள். குழல்வாய்மொழியும் சிரிப்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பவள்போல இருந்தாள்.

அவளுக்குக் கடல் தெரியாது. இலஞ்சியில் பிறந்தவள். குற்றாலத்து அருவியில் எந்த மாதம் தண்ணீர் எந்த நிறத்தில் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். ஆனால் ஆறு வருடத்துக்கு முன் மாறுதலில் இந்தக் கரைக்கு வந்தபோது, கடல் நீரோட்டங்கள் பாடத்தை நடத்த எழுந்து நின்றவளுக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போடத்தான் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்ததெல்லாம் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள். அவள் வரைந்த அம்புக்குறிகளைப் பார்த்து அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அது அவளுக்குப் புரியவில்லை. அந்த வெட்கம் நான்கு வருடம் அவளோடு இருந்தது.

அதைப் போக்கியது சுகிர்தா. பாளையங்கோட்டையில் பி.எட். படித்தபோது இருவரும் ஒரே விடுதி அறை. ஒரே சீப்பு, ஒரே இரவல் சேலைகள். சுகிர்தா பிற்பாடு ஆசிரியர் வேலையை விட்டு ஓர் அறக்கட்டளையில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். கடலோரப் பள்ளி ஆசிரியர்கள் பருவத்துக்கேற்பக் கடலைப் பாடமாக்க உதவுவது அந்த அறக்கட்டளையின் வேலை. ஆனியில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருவது, ஐப்பசியில் நீரோட்டம் திரும்புவது, தையில் தண்ணீர் தெளிவது என்று மாதவாரியாகப் பாடத்திட்டம். நூற்று நாற்பது பள்ளிகள், பள்ளிக்கு ஒரு மிதவை. முப்பத்தொன்றாம் எண் மிதவை புன்னைத்துறைக்கு வந்தது.

அதைக் கடலில் விட்ட அன்று பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருந்தார்கள். பீப்பாயில் ஊதாச் சாயத்தில் அவரவர் பெயரை எழுதினார்கள். மேலே 'கொம்பன் – எட்டாம் வகுப்பு' என்று குழல்வாய்மொழி எழுதினாள். படகில் போகும்போது அவள் வழி நெடுக வாந்தி எடுத்தாள். சுகிர்தா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அருவிக்காரி, கண்ண மூடாத. தூரத்துல பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வகுப்பு நடக்கும் முறை எளிது. பிள்ளைகள் காலையில் பள்ளிக்கு வருமுன் கரையில் நின்று தண்ணீரின் நிறம், ஓட்டம், காற்று மூன்றையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பதினோரு மணிக்குக் கொம்பன் சொல்வதைப் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு மதிப்பெண். பொருத்த மதிப்பெண் என்று அதற்குப் பெயர். இருபதுக்கு.

புரட்டாசி கடைசி வாரத்தில் மரிய டெல்சியா என்கிற பெண், தன் நோட்டில் 'வாநீவாடு தொடங்கிவிட்டது' என்று எழுதியிருந்தாள். தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதற்கு அந்தக் கரையில் அதுதான் பெயர். கொம்பனோ அன்று காலையில்தான் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகிறது என்று சொல்லியிருந்தது. பாடப்புத்தகத்திலும் ஐப்பசிக் கடைசி என்றுதான் இருந்தது.

"டெல்சி, இது என்ன?"

"தண்ணி திரும்பிட்டு டீச்சர். நாலு நாளாச்சு. எங்கப்பா வலய தெக்க இழுத்துட்டுப் போயிட்டு. நானும் பாத்தேன், பாசியெல்லாம் தெக்கதான் போவுது."

"சரி, கொம்பன்ட்டயே கேட்ருவோமா?"

டெல்சியா பெட்டியைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். "கேட்டா அது வேற சொல்லும் டீச்சர்" என்றாள்.

குழல்வாய்மொழி பொத்தானை அமுக்கிக் கேட்டாள்.

"இன்னும் திரும்பல. இன்னும் நாலு வாரம் ஆகும்" என்றது கொம்பன். "கரையோரத்துல சில நாள் அப்படித் தோணலாம். ஆனா நல்லா கவனிச்சிருக்கீங்க, பாராட்டுகள்!"

குழல்வாய்மொழி சிரித்தாள். வகுப்பில் வேறு யாரும் சிரிக்கவில்லை. முப்பத்து நான்கு தலைகளும் குனிந்திருந்தன. கருவியின்மேல் பிள்ளைகளுக்கு வந்துவிட்ட மரியாதை என்று அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியா? நீ கரையில நின்னு ஒரு எடத்தப் பாக்க. கொம்பன் கடலப் பாக்கு" என்று சொல்லி அந்த வாரத்துக்குச் சுழியம் போட்டாள். சென்னையில் நடந்த கடல் அறிவியல் விழாவுக்கு டெல்சியாவைத்தான் அனுப்புவதாக இருந்தாள். பெயரை மாற்றி வேறொரு பையனை அனுப்பினாள். அதற்குப் பிறகு டெல்சியாவின் நோட்டில் ஒரு பிழை இல்லை. வாரா வாரம் இருபதுக்கு இருபது. குழல்வாய்மொழி சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதினாள். ஒரு நாள் சாயங்காலம் சுகிர்தாவுக்குப் போன் போட்டு, "ஏட்டி, அந்தப் புள்ள திருந்திட்டா" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

மார்கழியில் டெல்சியா ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. அம்மை போட்டிருக்கிறது என்றார்கள். அடுத்த வருடப் பொதுத்தேர்வுப் பதிவுக்கு அவள் அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் குழல்வாய்மொழி படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அதே பையில் அறக்கட்டளையிலிருந்து வந்த பொருத்தச் சான்றும் இருந்தது. புன்னைத்துறையில் மாணவர் பார்த்ததும் மிதவை சொன்னதும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு ஒத்துப்போகின்றன என்று அதில் அச்சிட்டிருந்தது. அவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. வீட்டுப் பக்கவாட்டில் நிழலில் உட்கார்ந்து டெல்சியாவின் அப்பா சூசை மிக்கேல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். உள்ள வராதிய, ஒங்களுக்கும் ஒட்டிக்கிடும். மூணாந்தண்ணி ஊத்தியாச்சு. செவ்வாக்கெழம அனுப்பிருதேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடப் போனார். சுவரோரம் இரண்டு ஆடுகள் ஒரு மஞ்சள் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. குழல்வாய்மொழி சும்மா அதைப் பார்த்தாள். தொட்டியின் வெளிப்பக்கம் 31 என்றிருந்தது. பக்கத்தில் ஊதாச் சாயத்தில், அவளுடைய கையெழுத்தில், 'கொம்பன் – எட்டாம்'. அதோடு ரம்பம் வெட்டிய விளிம்பு வந்துவிட்டது. கீழே பிள்ளைகளின் பெயர்கள் பாதி பாதியாக நின்றன.

"இது எப்படி அண்ணாச்சி இங்க?"

"எது? தொட்டியா?" சூசை மிக்கேல் திரும்பிப் பார்த்தார். "வலைல மாட்டிக்கிட்டு வந்துச்சு டீச்சர். போன சாம்பல் புதனுக்கு முந்துன நாள். அடியில நல்லா ஒடஞ்சு கெடந்துச்சு, கம்பியும் இல்ல. ஏதாம் கப்பல் அடிச்சிருக்கும்."

"நீங்க யார்ட்டயும் சொல்லலையா?"

"சொல்லாமலா? அதுல ஒரு நம்பர் போட்டிருந்துச்சுல்லா, அதுக்குப் போன் பண்ணினோம். மறுநா ஒரு ஆளு வேன்ல வந்தாரு. உள்ள இருந்த மிசினக் கழத்திட்டு, 'பீப்பா வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க'ன்னு போயிட்டாரு. ரெண்டா அறுத்துட்டேன். இன்னொரு பாதி எங்க மச்சான் வீட்ல ஐசு போட்டு வச்சிருக்கான்."

சொல்லிவிட்டு அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எதற்கு இவ்வளவு விசாரிக்கிறாள் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

போன சாம்பல் புதன் மாசியில் வந்தது என்றால் பத்து மாதம் ஆகிவிட்டது. முந்தாநாள் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, "நேத்து மழைல நல்லா ஆட்டம் போட்டேன் பிள்ளைங்களா, இன்னும் தல சுத்துது" என்று கொம்பன் சொன்னது அவள் காதில் ஒலித்தது. பிள்ளைகள் சிரித்தார்களே. அவளும் சிரித்தாளே.

படிவத்தில் கையெழுத்து வாங்கினாளா இல்லையா என்பதே பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

பாளையங்கோட்டையில் அறக்கட்டளை அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. சனிக்கிழமையானாலும் சுகிர்தா இருந்தாள். தரையில் உட்கார்ந்து சாம்பல் நிறப் பெட்டிகளை அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும், "ஏட்டி! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்க?" என்று எழுந்து வந்து கையைப் பிடித்தாள்.

"கொம்பன ஆட்டுத்தொட்டியாக்கி வச்சிருக்காங்க, சுகிர்தா."

பிடித்த கை தளர்ந்தது. அதிர்ச்சியில் இல்லை. சுகிர்தாவின் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. அதைப் பார்த்ததும் குழல்வாய்மொழிக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது.

"உக்காரு, மொழி" என்றாள் சுகிர்தா, விடுதிக் காலத்துச் செல்லப்பெயரைச் சொல்லி.

"எத்தன இருக்கு?"

"என்னது?"

"மிதவ. நூத்தி நாப்பதுல இப்ப எத்தன கடல்ல கெடக்கு?"

சுகிர்தா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒம்போது."

"மத்த பெட்டியெல்லாம் யாரு பேசுதது?"

"அது ஒரு கம்ப்யூட்டர் மாடல். முப்பது வருசத்துக் கடலையும் அதுக்குப் படிக்கக் கொடுத்திருக்கு. இன்ன தேதில, இன்ன எடத்துல தண்ணி எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியும். பொய் இல்ல. சராசரி."

"சராசரிக் கடல்ல எவனாவது வல போடுதானா?"

"மொதல் மழைக்கே நாப்பது மிதவ போச்சு. மறுபடியும் போடுறதுக்கு வழி இல்ல. திட்டத்த மூடிருவோம்னாங்க. நூத்தி நாப்பது ஸ்கூலு. உன்ன மாதிரி நூத்தி நாப்பது டீச்சரு. அம்புக்குறி போட்டுப் பாடம் நடத்துற காலத்துக்கே எல்லாரும் திரும்பிப் போகணும். போவியா நீ?"

"நீ என்ட்ட சொல்லிருக்கலாம்."

"சொல்லிருந்தா நடத்திருப்பியா?"

சுகிர்தா எழுந்து மேசைக்கணினியில் எதையோ தேடி, திரையை இவள் பக்கம் திருப்பினாள். ஆசிரியர் கருத்துப் படிவம். கீழே குழல்வாய்மொழியின் பெயர்.

'முதல் சில மாதங்கள் மிதவையின் தகவல்கள் பாடத்திட்டத்துடன் பொருந்தாமல் குழப்பமாக இருந்தன. மாணவர்களுக்கு விளக்கச் சிரமப்பட்டேன். மார்ச் மாதத்திலிருந்து மிகத் துல்லியமாக உள்ளன. நன்றி.'

"மார்ச்சுலதான் ஒங்க கொம்பன் போச்சு" என்றாள் சுகிர்தா, மெதுவாக. "நெசக் கடல் பேசினப்போ நீதான் எனக்குப் போன் பண்ணி அழுத. பாடத்துல ஒண்ணு இருக்கு, இது ஒண்ணு சொல்லுது, பரீட்சைல பிள்ளைங்க எதை எழுதும்னு. எல்லா டீச்சரும் அதேதான் கேட்டாங்க. இது பேச ஆரம்பிச்ச பெறகு ஒரு கம்ப்ளெய்ன்ட் கெடையாது."

"அப்ப புரட்டாசிலயே தண்ணி திரும்பிச்சா?"

"திரும்பிருக்கும். இப்பல்லாம் முன்னப்பின்னதான வருது. இந்த ஒம்போதும் அப்படித்தான் சொல்லுது."

ஒரு பெண்ணை வகுப்பு நடுவில் நிறுத்தி, பெட்டியிடம் நியாயம் கேட்டது குழல்வாய்மொழிக்கு நினைவு வந்தது. கேட்டா அது வேற சொல்லும் டீச்சர். அவள் எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்!

"சாரல் வராத வருசமும் உண்டு எங்க ஊர்ல" என்றாள். "அன்னைக்கும் சாரல் வந்துச்சுன்னு நாங்க எழுதுறதில்ல."

சுகிர்தா தரையில் கிடந்த பெட்டி ஒன்றை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். பிறகு, சொல்லித்தான் தீர வேண்டும் என்பதுபோல, "இன்னொண்ணு இருக்கு. வெளிய தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிருதேன். வர்ற வைகாசியில இருந்து இதே குரல மீன்பிடிப் படகுலயும் வைக்கப் போறாங்க, தண்ணி நெலவரம் சொல்ல. தெக்குக் கர முழுக்க" என்றாள்.

"எத நம்பி?"

சுகிர்தா அவள் தோள்பையைப் பார்த்தாள்.

பொருத்தச் சான்று. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்த்து எழுதியதும் பெட்டி சொன்னதும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அந்தத் தொண்ணூற்று நான்கை, வாரம் இருபது மதிப்பெண்ணாகப் போட்டு வளர்த்தவள் அவள். பிள்ளைகள் கரையைப் பார்த்து எழுதவில்லை. போன வாரம் பெட்டி என்ன சொன்னதோ அதைப் பார்த்து எழுதினார்கள். இப்போது அவளிடம் உண்மையான நோட்டு ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரு வரிக்கும் சுழியம் போட்டிருந்தாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாத" என்றாள் சுகிர்தா. கோபமில்லாமல்தான் சொன்னாள். "நூத்தி முப்பத்தொம்போது பேரு போட்டாச்சு. ஒண்ணு கொறஞ்சா ஒண்ணும் ஆகாது. நீ கலெக்டருக்கு எழுதினாலும் இந்தச் சான்றதான் எடுத்துக் காட்டுவாங்க."

"ஒவ்வொரு வாரமும் நான் போன் பண்ணினேனே. கொம்பன் அதச் சொல்லிச்சு, இதச் சொல்லிச்சுன்னு. நீ எப்படிட்டி கேட்டுக்கிட்டிருந்த?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் சுகிர்தாவின் கண் கலங்கியது. "நீ அவ்ளோ சந்தோசமா இருந்த, மொழி" என்றாள். குழல்வாய்மொழிக்கு அவளை அடித்துவிடலாம் போலிருந்தது. சான்றை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மீன்வளத் துறைக்கும் எழுதினாள். எழுதி அனுப்பிய பிறகும் நெஞ்சு ஆறவில்லை. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பாரமாக இருந்தது. ஒன்றரை வருடம் வணக்கம் சொல்லி, கேள்வி கேட்டு, ஒரு பிறந்தநாள்கூடக் கொண்டாடியிருந்தார்கள் கொம்பனுக்கு. எத்தனை பிள்ளைகள் அழும் என்று நினைத்துப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை டெல்சியா வந்திருந்தாள். முகத்தில் இன்னும் மறையாத தழும்புகள். பதினோரு மணி ஆனதும் வகுப்பு வழக்கம்போல அமைதியானது. குழல்வாய்மொழி பொத்தானை அமுக்கவில்லை. பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள்.

எதையும் மறைக்காமல் சொன்னாள். கொம்பன் கடலில் இல்லை. மாசியிலிருந்தே இல்லை. பேசியது கணினி. டெல்சியா எழுதியதுதான் சரி. "நான் ஒங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். டெல்சிக்கு மார்க் கொறச்சது என் தப்பு."

யாரும் அழவில்லை. யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒங்களுக்கெல்லாம் தெரியுமா?"

டெல்சியா எழுந்தாள். "எல்லாருக்கும் தெரியும் டீச்சர். எங்க வீட்லதான கெடக்கு. எல்லாரும் வந்து பாத்தாங்க."

"அப்பறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

டெல்சியா தயங்கினாள். ஏதோ கூடாததைக் கேட்டுவிட்ட பெரியவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள். "ஒங்களுக்கும் தெரியும்னுதான் டீச்சர் நெனச்சோம். அன்னைக்கு நான் தண்ணி திரும்பிட்டுன்னு எழுதினப்போ, நீங்க கொம்பன்ட்ட கேட்டீங்கல்லா. சரி, இப்படி எழுதணும்னுதான் டீச்சர் சொல்லுதாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

"எனக்குத் தெரியாது பிள்ளைகளா. நெசம்மா எனக்குத் தெரியாது."

"சரி டீச்சர்" என்றது வகுப்பு.

முப்பத்து நான்கு குரலும் சேர்ந்து, பணிவாக, அன்பாகக்கூட அதைச் சொன்னன. பெட்டி சொல்வதைக் கேட்டு இத்தனை நாளும் தலையாட்டிய அதே பணிவு. ஒரு பிள்ளைகூடத் தன்னை நம்பவில்லை என்று குழல்வாய்மொழிக்கு அப்போது புரிந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கை தூக்கினான். "டீச்சர், அரையாண்டுப் பரீட்சை வருதுல்லா. நீரோட்டம் எந்த மாசம் திரும்பும்னு கேட்டா என்ன எழுதணும்? புரட்டாசியா, ஐப்பசியா?"

எல்லோரும் நோட்டைத் திறந்து தேதி போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். வினாத்தாள் அச்சாகிப் பள்ளி அலமாரியில் முத்திரையோடு இருந்தது. விடைக்குறிப்பில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் தேதியை மட்டும் எழுதினாள்.

பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகு, அவளை மேலும் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தவர்கள்போல, ஒவ்வொருவராகக் குனிந்து 'ஐப்பசி' என்று எழுதிக்கொண்டார்கள்.

டெல்சியாதான் முதலில் எழுதினாள்.